செம்மண் என்று நம்பிய மண்

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை வழியாக உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் மண்ணின் நிறம் ஒரே சீராக இருப்பதில்லை. முந்திரி நிற்கும் மேட்டு நிலத்தில் செம்மண். சற்றே தாழ்ந்து ஏரிப்பாசனத்தை எட்டும் இடத்தில் கறுத்த களி. இரண்டுக்கும் இடையில், எந்தப் பெயரிட்டு அழைப்பதென்று உழவரும் தயங்கும் ஒரு பழுப்பு மண். செம்மண்ணில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் நடந்து போகலாம். களி நிலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கோடையிலோ அதே களி, ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு விடும். இவ்வளவும் இவ்வூரார் அறிந்ததே. நான் அறிந்துகொள்வதற்கு ஒரு சுவர் பிளக்க வேண்டியிருந்தது.

2017-ஆம் ஆண்டு, நான் பொறுப்பிலிருந்த பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில், சிறுவர் சிறுமியர் மாலையில் அமர்ந்து படிப்பதற்கென ஒற்றை அறைக் கட்டடம் ஒன்றை எழுப்பினோம். மேல் மண் நல்ல சிவப்பு. செம்மண் என்றால் உறுதியான நிலம் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. ஆகவே இரண்டரை அடிக் கடைக்கால் போதும் என்று முடிவாயிற்று. கொத்தனார் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். இரண்டாம் கோடையில் சன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு விரிசல், செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப் போல் இறங்கியது. பூசினோம். மழைக்காலத்தில் பூச்சு நொறுங்கி உதிர்ந்தது, விரிசல் மூடிக்கொண்டது. அடுத்த சித்திரையில் முன்னினும் அகலமாய்த் திறந்தது.

ஊரில் இரண்டு விளக்கங்கள் உலவின. அந்த இடத்தில் நின்ற பழைய வேப்பமரத்தை வெட்டியதுதான் குற்றம் என்பது ஒன்று. கொத்தனார் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்பது மற்றொன்று. முதலாவதை மூடநம்பிக்கை என்று தள்ளினேன். இரண்டாவதை நம்பினேன். நம்பியதோடு நில்லாமல், பங்குப் பேரவைக் கூட்டத்தில் பலர் முன்னிலையில், கணக்குக் கேட்கும் குரலில் அவரிடம் பேசினேன். அவர் பதில் சொல்லவில்லை. அதன்பின் ஞாயிறுகளில் அவர் மனைவி மட்டுமே கோவிலுக்கு வந்தார்.

2021-இல், வேறொரு பணிக்காக வந்திருந்த கட்டடப் பொறியாளர் ஒருவர் விரிசலைப் பார்த்தார். சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், எந்த மாதத்தில் திறக்கிறது, எந்த மாதத்தில் மூடுகிறது என்று கேட்டார். கடைக்காலை ஒட்டிக் குழி வெட்டச் சொன்னார். இரண்டடிக்குக் கீழே சிவப்பு முடிந்து பழுப்புக் களி தொடங்கியது. அதைக் காயவைத்துப் பொடித்துச் சலித்து, பத்துப் பத்துக் கிராமாக இரண்டு கண்ணாடி உருளைகளில் இட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயையும் மற்றொன்றில் வடித்த நீரையும் ஊற்றி ஒரு நாள் விட்டுவைத்தார். மறுநாள், மண்ணெண்ணெயில் மண் கிடந்தபடியே கிடந்தது. நீரில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பொங்கி நின்றது. "மேலே உள்ள சிவப்பைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள், ஃபாதர், கீழே இருப்பது தண்ணீர் குடிக்கும் மண்" என்றார். கரிசலா என்று கேட்டேன். "முழுக் கரிசலும் இல்லை, முழுச் செம்மண்ணும் இல்லை. இரண்டின் தன்மையும் ஒரே துகளுக்குள் அடுக்கப்பட்டிருக்கக்கூடும். எக்ஸ் கதிரில் வைத்துப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது."

ஒரே துகளுக்குள் இரண்டு மண் எப்படி இருக்க முடியும்? அந்தக் கேள்வி என்னைப் பல மாதங்கள் நூல்களுக்குள் இழுத்துச் சென்றது. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்றவன் கனிமவியலைப் படிப்பது, முதிய வயதில் நீச்சல் பழகுவதைப் போன்றது. தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் கரையேறினேன். அவ்வாறு கண்ட வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

களிமண்ணின் வரலாற்றைத் தூய்மையிலிருந்து தொடங்குவதே வழக்கம். எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். கொலுவுக்குரிய சிறு பொம்மைகளும் பிற பீங்கான் பொருள்களும் இங்கே செய்யப்படுகின்றன. இத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகமும் உண்டு. அருகில் நெய்வேலி. அங்கு 1957-இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்கரிக்கு மேலே கிடந்து அகற்றப்பட்ட படிவங்களில் வெண்களிமண்ணும் இருந்தது. கரியைத் தேடிப் போனவர்களின் கையில் பீங்கானுக்குரிய வெண்களியும் சேர்ந்தே அகப்பட்டது. அவ்வெண்களியின் முதன்மைக் கனிமத்திற்குக் கயோலினைட் என்று பெயர். அப்பெயரின் வேர், சீன நாட்டில் ஜிங்தெசென் என்னும் பீங்கான் நகருக்கருகே உள்ள கௌலிங் என்ற குன்றில் இருக்கிறது. 'உயர்ந்த முகடு' என்பது அதன் பொருள்.

அப்பெயரை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தவர் ஓர் இயேசு சபைத் துறவி. பிரான்சுவா சேவியர் தாந்த்ரகோல் என்னும் அப்பிரெஞ்சுக் குரு, 1712-இலும் 1722-இலும் எழுதிய இரு நெடிய மடல்களில், சீனப் பீங்கான் செய்யப்படும் முறையைப் படிப்படியாக விவரித்தார். சூளைகளில் வேலை செய்த கிறிஸ்தவர்கள் பலரிடம் கேட்டறிந்ததே அவருடைய அறிவின் பெரும்பகுதி. பீங்கானுக்கு இரண்டு மண் தேவை, ஒன்று எலும்பாகவும் மற்றொன்று தசையாகவும் நிற்கிறது என்ற சீனர்களின் கருத்தை அவர் பதிவு செய்கிறார். எலும்பாக நிற்பது கயோலின். தசையாகிய கல்லை மட்டும் வாங்கிச் சென்று பீங்கான் செய்ய முயன்று தோற்ற ஐரோப்பியரைச் சீன வணிகர் எள்ளி நகைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். அம்மடல்கள் வெளிவந்த அதே தொகுப்பு வரிசையில்தான், மதுரை மறைப்பணித்தளத்திலிருந்து சென்ற மடல்களும் அச்சேறின. தாந்த்ரகோல் சூளைகளின் புகைக்கிடையே நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் வீரமாமுனிவர் தமிழகம் வந்து சேர்ந்தார். அவருடைய நினைவோடு பிரிக்க முடியாதபடி இணைந்த கோணான்குப்பம், மங்கலம்பேட்டைக்குத் தொலைவிலில்லை. ஒருவர் மண்ணைக் கேட்டறிந்தார், மற்றொருவர் சொல்லை. ஊராரிடம் சென்று கேட்பதே இருவருக்கும் வழியாயிருந்தது. இந்த எளிய வழி எனக்கு நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

தூய கயோலினைட்டின் கூட்டமைவு மிகவும் ஒழுங்கானது: சிலிக்கா 46.5 விழுக்காடு, அலுமினா 39.5 விழுக்காடு, நீர் 14 விழுக்காடு. இதன் ஒவ்வோர் அடுக்கும் இரண்டு தகடுகளால் ஆனது; ஒன்று சிலிக்காத் தகடு, மற்றொன்று அலுமினாத் தகடு. அடுக்குக்கு அடுக்கு உள்ள தொலைவு சுமார் 7 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் இடையில் நீர் எளிதில் நுழையாது. நனைந்தாலும் அதிகம் வீங்காது. காய்ந்தாலும் அதிகம் சுருங்காது. சூளையில் 500 பாகை செல்சியசைத் தாண்டும்போது, தன் கட்டமைப்பில் அடங்கிய நீரை விட்டுவிட்டு வேறொரு பொருளாக மாறத் தொடங்கும். பீங்கான் தொழிலுக்கு இதைவிட உகந்த குணம் வேறென்ன?

இதற்கு நேர்மாறான குணமுடைய கனிமத்துக்கு 1847-இல் பெயர் கிடைத்தது. பிரான்சு நாட்டின் மாண்ட்மோரில்லோன் என்ற ஊரின் பெயரால் அது மாண்ட்மோரில்லோனைட் ஆயிற்று. அது சேர்ந்த குடும்பத்தை இன்று ஸ்மெக்டைட் என்பர். இங்கே ஓர் அலுமினாத் தகட்டை இரண்டு சிலிக்காத் தகடுகள் மேலும் கீழும் அணைத்திருக்கும். அடுக்குகளுக்கிடையே பிடிப்பு தளர்வு. நீரும் உப்புகளின் மின்னேற்றத் துகள்களும் தாராளமாகப் போய்வரும். கரிசலின் வீக்கமும் வெடிப்பும் வளமும் எல்லாம் இந்தத் தளர்விலிருந்தே பிறக்கின்றன. சத்துகளைப் பிடித்து மாற்றிக் கொடுக்கும் திறனை 100 கிராமுக்கு இத்தனை மில்லி சமானம் என்று அளப்பார்கள். கயோலினைட்டுக்கு அது 3 முதல் 15 வரை. மாண்ட்மோரில்லோனைட்டுக்கு 80 முதல் 150 வரை.

ஆக, ஒரு முனையில் கட்டுக்கோப்பான வெண்களி. மறு முனையில் கட்டவிழ்ந்த கருங்களி. நிறத்தை வைத்து மண்ணைப் பிரிக்கும் பழக்கத்துக்கு இது மிகவும் வசதியாக அமைந்தது. 1898-இல் ஜே. டபிள்யூ. லெதர் என்னும் வேளாண் வேதியியலார் இந்திய மண்களை வண்டல், கரிசல், செம்மண், செந்நிறச் சரளை எனப்படும் லேட்டரைட் என நான்காகப் பகுத்தார். பள்ளிப் புத்தகங்கள் இன்றும் அந்த வழியிலேயே நடக்கின்றன. பயனுள்ள பகுப்புதான்; ஆனால் நிறம் மேற்சட்டை. சட்டையைப் பார்த்து மனிதரை எடைபோட்டால் என்ன நேருமோ அதுவே எனக்கு நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, மண்ணின் மிக நுண்ணிய பகுதிக்கு ஒழுங்கான உள்ளமைப்பே இல்லை, அது வடிவமற்ற ஒரு பசை என்ற கருத்தே வலுவாயிருந்தது. வேதியியலார் எந்தக் களியைப் பகுத்தாலும் சிலிக்கா, அலுமினா, இரும்பு, நீர் ஆகியனவே கிடைத்தன. விகிதம் மட்டும் மாறியது. 1912-இல் லாவே படிகங்களில் எக்ஸ் கதிரின் சிதறலைக் கண்டதும் நிலைமை மாறியது. 1923-இல் ஸ்வீடனில் ஹாடிங், 1924-இல் ஜெர்மனியில் ரின்னே ஆகியோர் களிமண்ணை அக்கதிர்முன் வைத்தார்கள். 1930-இல் அமெரிக்காவில் ஹென்ட்ரிக்ஸ், ஃப்ரை என்ற இருவரும், மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் கெல்லியும் அவருடைய தோழர்களும், மண்ணின் நுண்துகள்கள் படிகங்களே என்று நிறுவினார்கள். காலில் ஒட்டும் சேறு, உண்மையில் ஒழுங்காக அடுக்கிய ஏடுகளின் குவியல்! அதே 1930-இல் லைனஸ் பாலிங் அந்த ஏடுகளின் கட்டமைப்பை விளக்கினார்.

இனி எல்லாம் எளிது என்று அறிஞர்கள் எண்ணியிருக்க வேண்டும். ஒவ்வொரு கனிமத்துக்கும் ஓர் அடுக்குத் தொலைவு: 7 என்றால் கயோலினைட், 10 என்றால் அபிரகம் போன்றது, 14, 15 என்றால் வீங்கும் களி. படத்தில் கோடு விழும் இடத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் கோடுகள் கீழ்ப்படியவில்லை. பத்துக்கும் பதினான்குக்கும் நடுவே, எந்தக் கனிமத்துக்கும் உரிமையில்லாத இடங்களில் விழுந்தன. ஒரே வரிசைக் கோடுகளின் தொலைவுகள் 1, 2, 3 என்ற முழு எண் விகிதத்தில் அமைய வேண்டும். அவை அப்படியும் அமையவில்லை.

இந்த மீறலைத் தவறென்று ஒதுக்காமல் உற்றுப் பார்த்தவர் மினசோட்டாவில் இருந்த ஜான் குரூனர். 1934-இல் அவர் ஒரு விளக்கம் தந்தார். ஹைட்ரோபயோட்டைட் என்று தனிப் பெயரிட்டு அழைக்கப்பட்ட கனிமம் தனிக் கனிமமன்று. பயோட்டைட் என்ற அபிரக அடுக்குகளும் வெர்மிகுலைட் என்ற வீங்கும் அடுக்குகளும் ஒரே படிகத்துக்குள் மாறி மாறி அடுக்கப்பட்ட கூட்டு அது. கலப்படுக்குக் களிமண் கனிமங்கள் என்று இன்று வழங்குவன அறிவுலகில் நுழைந்தது இவ்வாறே.

ஓலைச்சுவடியை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு சுவடியில் மருத்துவ நூலின் ஏடுகளும் சோதிட நூலின் ஏடுகளும் கலந்து கோக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வேறு. ஒரே கயிற்றில் இரு நூல்களின் ஏடுகளைக் கோப்பது வேறு. மணலையும் களியையும் பிசைந்தாற்போன்ற கலவை முதல் வகை. கலப்படுக்கு இரண்டாம் வகை. மருத்துவ ஏடு ஒன்று, சோதிட ஏடு ஒன்று என ஒழுங்காக மாறி வந்தால் அதை ஒழுங்குக் கலப்படுக்கு என்பர். அப்போது 10 ஆங்ஸ்ட்ராம் அடுக்கும், கிளைகால் ஏற்றி வீங்கவைத்த 17 ஆங்ஸ்ட்ராம் அடுக்கும் ஒரே அலகாகி, 27 என்ற புதிய கோடு படத்தில் தோன்றும். வரிசையின்றிக் கோக்கப்பட்டிருந்தால், கோடு சராசரியான ஓரிடத்தில் மங்கலாக விழும். பெரும்பாலான மண்களில் இருப்பது இந்த வரிசையற்ற வகையே.

அதைக் கண்டுபிடிக்கும் முறை ஒரு விசாரணையைப் போன்றது. களியைக் கண்ணாடித் தகட்டில் படியவைத்து உலர்ந்த நிலையில் ஒரு படம். எத்திலீன் கிளைகால் ஆவியில் வைத்து மீண்டும் ஒரு படம்; வீங்கும் அடுக்கு இருந்தால் கோடு நகரும். 550 பாகைக்குச் சூடேற்றி மேலும் ஒரு படம். வீங்கிய அடுக்கு சுருங்கி 10-க்கு வரும், கயோலினைட்டின் கோடு மறையும். மூன்று சூழ்நிலைகளில் ஒரே சாட்சியைக் கேட்டு, சொல் எங்கே மாறுகிறது என்று பார்க்கும் முறை. முதல் படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதினால் தவறிவிடும்.

கோடுகளின் நகர்வைக் கணக்கால் விளக்கும் வேலையை 1942-இல் செய்தவர்கள் முன்பு சொன்ன ஹென்ட்ரிக்சும், எட்வர்ட் டெல்லரும். ஆம், பிற்காலத்தில் ஹைட்ரஜன் குண்டோடு தம் பெயர் இணையப்பெற்ற அதே டெல்லர்தான். ஒரு மனிதரின் மூளைக்குள்ளும் எத்தனை விதமான ஏடுகள் கோக்கப்பட்டிருக்கின்றன! பின்னர் 1956-இல் சார்ல்ஸ் வீவர், படிவுப் பாறைகளில் கலப்படுக்குக் களிகள் அருமையான விதிவிலக்குகள் அல்ல, மிகுதியாகக் காணப்படுபவை என்று காட்டினார். 1970-இல் ரெனால்ட்சும் ஹவரும் கணிப்பொறியால் கோடுகளை முன்கூட்டியே கணித்து, வீங்கும் அடுக்குகள் எத்தனை விழுக்காடு, அவை எவ்வளவு ஒழுங்காக உள்ளன என்று அளக்கும் வழியைத் திறந்தார்கள்.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1937-இல் கிரிம், பிரே, பிராட்லி என்னும் மூவர், களிமண்களில் காணும் அபிரகம் போன்ற கனிமத்துக்குத் தங்கள் இல்லினாய் மாநிலத்தின் பெயரால் இல்லைட் என்று பெயரிட்டனர். 10 ஆங்ஸ்ட்ராம், வீக்கம் இல்லை, அடுக்குகளை இறுகப் பிடித்து நிற்பது பொட்டாசியம். தூய இனம் ஒன்று கிடைத்துவிட்டது என்று எண்ணப்பட்டது. ஆய்வு நுட்பம் கூர்மையானபோது, இல்லைட் என்று வழங்கிய பலவற்றுள்ளும் சில விழுக்காடு வீங்கும் அடுக்குகள் ஒளிந்திருப்பது தெரிந்தது. முற்றிலும் கலப்பற்ற மாதிரியைத் தேடுவதே அரிதாயிற்று. 'கலப்பு' என்ற சொல்லை நம் ஊர்களில் எவ்வளவு கனத்த குரலில் உச்சரிக்கிறார்கள் என்பதை ஒரு பங்குக்குரு நன்கறிவான். மண்ணின் அறிவியலில் அச்சொல் இழிவுச் சொல்லாக நிற்க முடியவில்லை.

கலப்புக்குக் காரணம் என்ன என்பதே எனக்கு மிகவும் சுவையான பகுதி. அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் தோண்டப்பட்ட ஆழ்கிணறு ஒன்றின் களிகளை ஆராய்ந்து, 1976-இல் ஹவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில், கலப்படுக்கில் இல்லைட்டின் பங்கு 20 விழுக்காடு. ஆழமும் வெப்பமும் மிகமிக அது ஏறி, 3,700 மீட்டரில் 80 விழுக்காடு ஆகிறது. அங்குள்ள மற்றக் கனிமங்கள் சிதைந்து வெளியிடும் பொட்டாசியத்தைப் பெற்று, வீங்கும் அடுக்குகள் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. நிலத்தின் மேற்பரப்பில் இதன் மறுதலை நடக்கிறது. மழையும் பயிரின் வேரும் பொட்டாசியத்தை உறிஞ்ச, இறுகிய அடுக்குகள் சில இடங்களில் தளர்ந்து வீங்கும் அடுக்குகளாகின்றன. உழவர் சாம்பல்சத்து இடும்போது அதில் ஒரு பகுதியை இந்தத் தளர்ந்த அடுக்குகள் மீண்டும் பிடித்து உள்ளே வைத்துக்கொள்கின்றன. இட்ட உரம் எங்கே போயிற்று என்று அவர் திகைக்கிறார். கொத்தனாரிடம் நான் சிமெண்டுக் கணக்குக் கேட்டதும் அப்படித்தான். ஆக, கலப்படுக்கு என்பது பயணத்தின் நடுவில் நிற்கும் மண். எங்கிருந்து புறப்பட்டது என்பதும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதும் அதன் விழுக்காட்டில் பதிந்திருக்கின்றன.

1984-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து ஒரு மறுப்பு எழுந்தது. நாடோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் களியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, 10, 20 ஆங்ஸ்ட்ராம் தடிப்பே உள்ள தனித்தனி மெல்லேடுகளைக் கண்டனர். எக்ஸ் கதிருக்காகத் தகட்டில் படியவைக்கும்போது இவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. கதிரோ அக்குவியலை ஒரே படிகமாக எண்ணிவிடுகிறது. ஏடுகள் சந்திக்கும் இடைவெளியில் நீர் நுழைவதையே வீங்கும் அடுக்கு என்கிறோம் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் கலப்பு மண்ணில் இருக்கிறதா, அல்லது நாம் பார்க்கும் முறையில் இருக்கிறதா? இந்த விவாதம் நீண்ட காலம் நடந்தது.

இதைப் படித்தபோது குருமடத்து வகுப்பறை நினைவுக்கு வந்தது. கலந்தபின் மூலப்பொருள்கள் கலவைக்குள் என்ன ஆகின்றன என்பது இடைக்காலத் தத்துவத்தின் பழைய சிக்கல்களுள் ஒன்று. தானிய மணிகள் இரண்டு வகை கலந்து கிடப்பது உண்மையான கலப்பு ஆகாது என்று அரிஸ்டாட்டில் முன்பே கூறியிருந்தார். மூலங்களின் இயல்வடிவம் கலவையில் முழுமையாக நிலைத்திருக்கும் என்றார் அவிசென்னா. நிலைக்கும், ஆனால் வலுக்குன்றி நிலைக்கும் என்றார் அவெரோஸ். இருவரையும் மறுத்த தூய தோமா அக்குவினார், மூலங்கள் தம் வடிவில் அங்கே இல்லை, அவற்றின் ஆற்றல் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று தனியே ஒரு சிறு நூலே எழுதினார். மாணவனாயிருந்தபோது இது உலகத்துக்கு உதவாத வாதம் என்று கொட்டாவி விட்டேன். களிமண்ணைப் பொறுத்தவரை அவிசென்னாவின் பக்கமே சான்று சாய்கிறது என்று இன்று தோன்றுகிறது: இல்லைட் அடுக்கு இல்லைட்டாகவே நிற்கிறது, வீங்கும் அடுக்கு வீங்கும் அடுக்காகவே நிற்கிறது. என் பழைய பேராசிரியர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். நாகபுரியிலுள்ள தேசிய மண் ஆய்வு, நிலப்பயன்பாட்டுத் திட்ட அமைப்பு 1976-இல் நிறுவப்பட்டது. அங்கே டி. கே. பால், டி. பட்டாச்சார்யா முதலியோர் தீபகற்ப இந்தியாவின் மண்களை இந்த நோக்கில் ஆராய்ந்தார்கள். செம்மண்ணில் இருப்பது கயோலினைட் என்று நெடுங்காலம் எழுதிவந்தோம். அவர்களுடைய படங்களிலோ 7 ஆங்ஸ்ட்ராம் கோடு கூர்மையாக இராமல், அடி அகன்று 10-ஐ நோக்கிச் சாய்ந்து விழுந்தது. தூய கயோலினைட் அவ்வாறு செய்யாது. அது ஸ்மெக்டைட்டோடு அடுக்குக் கலந்தது என்பது அவர்கள் முடிவு. பழங்காலத்தில் இன்றைவிட ஈரமான தட்பவெப்பத்தில் பாறை சிதைந்து முதலில் ஸ்மெக்டைட் பிறந்தது; தொடர்ந்த மழையில் அது கயோலின் வகைக்கு மாறத் தொடங்கியது; பிறகு வறட்சி சூழ்ந்து, மாற்றம் பாதி வழியில் நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கருமண்ணும் அடுத்தடுத்துக் கிடப்பதை விளக்கி, 1993-இல் அவர்கள் எழுதிய கட்டுரை இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. செம்மண்ணும் கரிசலும் பகையாளிகள் அல்லர், ஒரே குடும்பத்தின் வெவ்வேறு வயதினர் என்று நான் புரிந்துகொண்டேன். திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தில் குன்று எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. குன்றுகள் தேய்ந்து இப்படி ஏடுகளாகி, சாலையோரத்துச் சேறாகக் கிடக்கின்றன போலும்.

மங்கலம்பேட்டைப் பக்கம் இன்னும் சூளை வைக்கும் பெரியவர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் ஆர்வத்தோடு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏரிக்களியைத் தனியே வைத்துப் பானை செய்தால் நிழலிலேயே வெடித்துவிடும், மணல் மட்டும் மிகுந்தால் சக்கரத்தில் எழும்பாது, ஆகவே இரண்டையும் கலந்து மிதித்துப் பதம் பார்ப்பதாகச் சொன்னார். எந்த அளவில் கலப்பீர்கள் என்றேன். அது ஒவ்வொரு குழிக்கும் மாறும் என்றார். நாக்கு நுனியில் சிறிது வைத்துப் பார்த்து, விரலில் திரித்து வளைத்துப் பார்த்து முடிவு செய்வாராம். அவர் செய்வது மண்ணோடு மணலைக் கலக்கும் கலவை. ஏட்டோடு ஏடு கோத்த கலப்பு அன்று. ஆயினும் தம் காலடி மண் ஒவ்வொரு குழியிலும் வேறு என்பதை அவர் எந்தப் படமும் இல்லாமல் அறிந்திருந்தார்.

வேப்பமரத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் நேர்மையாகாது. பெரிய மரம் வீங்கும் களியிலிருந்து ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சி, அதைச் சுருங்கிய நிலையில் வைத்திருக்கும். மரத்தை வெட்டிவிட்டால் ஈரம் மெல்ல மெல்லத் திரும்பும். களி சில ஆண்டுகள் வரை வீங்கிக்கொண்டே போகும். கட்டட இயலில் நன்கறிந்த செய்தி இது. வேம்பை வெட்டியதால்தான் சுவர் பிளந்தது என்று கூறிய பாட்டி, காரணத்தை வேறு மொழியில் சொன்னாலும், என்னைவிட உண்மைக்கு அருகில் நின்றார்.

கொத்தனாரை அவர் வீட்டில் சென்று பார்த்தேன். குழி வெட்டியதையும் இரண்டு குடுவைகளையும் பற்றிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சாமி, கடக்கால் தோண்டும்போதே கீழ்மண்ணு மம்முட்டியில பசை மாதிரி ஒட்டுச்சு. நாலடிக்கு மேல போகலாமான்னு உங்ககிட்ட வந்து கேட்டேன். பணம் பத்தாதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார். எனக்கு அந்த உரையாடல் சிறிதும் நினைவில் இல்லை. அவர் சொன்னபோதும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த ஆண்டின் கணக்கேட்டை எடுத்துப் பார்த்தால், கடைக்காலுக்கென்று முதலில் எழுதிய தொகையை அடித்துவிட்டுக் குறைவான தொகை எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

நாலடி தோண்டியிருந்தாலும் முழுப் பயன் கிடைத்திருக்காது என்றார் பொறியாளர். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் நிலத்துக்கென்றே, அடியில் குமிழ் போல் விரியும் தூண் கடைக்கால் முறையை உருவாக்கியிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தில், ஏறத்தாழ 3.5 மீட்டரில், அத்தூண்கள் ஊன்றி நிற்கும். எழுந்த கட்டடத்துக்கு அதைச் செய்ய வசதியில்லை. சுவரைச் சுற்றி நாலடி அகலத்துக்கு நீர் புகாத தளம் போட்டு, கூரை நீரைக் குழாய் வழியே தொலைவுக்குக் கொண்டுபோய் விட்டால், அடியிலுள்ள ஈரம் ஓரளவு ஒரே சீராக நிற்கும் என்பது அவர் சொன்ன வழி. 2022 கோடையில் அந்தத் தளத்தைப் போட்டோம். போட்டவர் அதே கொத்தனார். கூலியை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. நானும் பேரம் பேசவில்லை.